வாப்பாவின் நீண்ட லீவு

காயல்பட்டினத்தில் மீன் சாப்பிடாத வீடு கிடையாது. மீன் பிடிக்கிற வீடும் அநேகமாகக் கிடையாது. எங்கள் ஆண்கள் கடலைத் தாண்டிப் போவார்களே தவிர, அதில் வலை வீச மாட்டார்கள். அந்த வேலைக்குப் பக்கத்து மீனவ ஊரான ஆலந்தலையில் ஆட்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், லீவில் வந்திருந்த என் வாப்பா நீளமான தூண்டில் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பியதே வேடிக்கைதான். அதிலும் தெருக்கோடியில் கிடந்த கடலை விட்டுவிட்டு, ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு குளத்துக்குப் போனார்.

"வாசல்ல கடல வச்சிக்கிட்டு யாராச்சும் குளத்துக்குப் போவாங்களா?" என்று உம்மா சிரித்தாள்.

எனக்கு அப்போது பத்து வயது. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. துபாயில் இருந்த வாப்பா, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். வரும்போதெல்லாம் எனக்குக் கவுன் வாங்கி வருவார். அது எப்போதும் இரண்டு வயது சின்னதாக இருக்கும். விட்டுப்போன இடத்திலேயே நான் நின்றுகொண்டிருப்பேன் என்று நினைத்தார் போலிருக்கிறது.

அந்த வருஷம் கவுனோடு தூண்டிலும் வந்தது. மூன்று துண்டாகக் கழற்றி மாட்டலாம். கைப்பிடி அருகே நைலான் நரம்பைச் சுற்றும் சக்கரம். கூடவே ஒரு டப்பா நிறைய ரப்பர் தவளைகள், முதுகோடு ஒட்டி இரண்டிரண்டு கொக்கிகளுடன். விரால் மீன் அதை நிஜத் தவளை என்று நம்பிப் பாயுமாம்.

முதல் தடவை நாங்கள் குளத்துக்குப் போனது கல்யாணத்துக்குப் போவது போல இருந்தது. உம்மாவின் தம்பியான மாமா வேனை எடுத்தார். வாப்பாவின் கூட்டாளிகள் மூன்று பேர், ஒரு சட்டி இடியாப்பம், இன்னொரு சட்டி கறி, நான். குளக்கரையில் நான்காவது கூட்டாளி காத்திருந்தார். வாப்பாவோடு ஆறுமுகநேரியில் பள்ளிக்கூடம் படித்தவர். அந்தக் குளத்துத் தண்ணீரில்தான் அவருடைய வயல் விளைந்தது. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் எங்களுக்காகச் சொல்லி வைத்திருந்தது அவர்தான்.

"ஏலே, அங்கன போடாத, பூரா பாசி. இங்கன, தாமரைக்குப் பக்கத்துல போடு. ஒரு பய வாயப் பொளந்துகிட்டு நிக்கான்," என்று விராலைத் தன் பங்காளியைப் போலவே பேசுவார்.

மாமா வீசிய முதல் தவளை அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தையே கவ்விக்கொண்டது. கொக்கியைக் கழற்றுவதற்குள் நாலு பேர் சேர்ந்து அவரைப் படுத்திய பாட்டைப் பார்த்து வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "எத்தனாம் வகுப்பும்மா?" என்று ஒரு தடவை கேட்டார். "ஆறாம் வகுப்புக்குப் போறேன் வாப்பா," என்றேன். இடியாப்பம் தின்றுவிட்டுக் கை கழுவும்போது அதையே மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். கேட்டாரே என்றிருந்தது எனக்கு.

பிறகு கூட்டம் கரையத் தொடங்கியது. ஒரு கூட்டாளி லீவு முடிந்து ஜித்தாவுக்குப் போனார். இன்னொருவருக்குச் சென்னையில் கடை. மூன்றாமவருக்கு மகள் கல்யாணம். மாமாவும் வேனை வாடகைக்கு ஓட்டியாக வேண்டும். அண்ணாச்சிக்கு வயல் வேலை. வரப்பிலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். வாப்பாவின் நாற்பது நாளும் முடிந்தது. அவர் மட்டும் போகவில்லை.

எங்கள் ஊரில் லீவில் வந்தவரைப் பார்த்தால் முதலில் "எப்ப வந்திய?" என்பார்கள். அதற்கு அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் "எப்பப் பயணம்?" என்பார்கள். கறிக்கடையில் கேட்பார்கள், பள்ளிவாசல் வாசலில் கேட்பார்கள், விருந்துக்குக் கூப்பிட்டு இலைக்கு முன்னால் உட்காரவைத்தும் கேட்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஆனாலும் வாப்பா மெல்ல மெல்ல அந்த இடங்களுக்கெல்லாம் போவதைக் குறைத்துக்கொண்டார்.

"கம்பெனில லீவ நீட்டிக் குடுத்திருக்காங்க," என்று உம்மா வருகிறவர்களிடம் சொன்னாள்.

இப்படியும் ஒரு கம்பெனியா என்று நான் நெகிழ்ந்துபோனேன். முகம் தெரியாத அந்த முதலாளிக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கச் சொல்லி ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்டேன்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருந்தது. வாப்பா தினமும் காலையில் மாமாவின் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். குளம் வெயிலில் நாளுக்கு நாள் சுருங்கி, உள்ளே நின்ற கருவ மரங்களின் அடிப்பகுதியெல்லாம் தெரிய ஆரம்பித்திருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் வீசுவார், சுற்றுவார், மறுபடி வீசுவார். பல நாள் ஒன்றும் சிக்காது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்த கதைகளை நான் வழி நெடுகச் சேர்த்துவைத்துக்கொண்டு போவேன். பாதி சொல்லும்போதே அவர் கேட்கவில்லை என்று தெரிந்துவிடும். மீதியை எனக்குள்ளேயே சொல்லி முடித்துக்கொள்வேன். வீட்டில் சுற்றிலும் பெண்கள் இருந்தார்கள், பேச்சு ஓயாது. அங்கே இல்லாத ஒரு தனிமை இந்தக் கரையில், வாப்பாவின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

எனக்கு உண்மையான எதிரி அவருடைய போன்தான். அது அடித்தால் எழுந்து கரையோடு நடந்து போய்விடுவார். அரை மணி நேரம் கழித்து வேறு யாரோ ஒருவரைப் போலத் திரும்பி வருவார். அந்த வாரம் அது இன்னும் மோசமாகியிருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

ஒரு வியாழக்கிழமை அவர் வீசிய தவளை ஒரு கருவ மரத்தின் வேரில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. சாரத்தை மடித்துக் கட்டினார். கைக்கடிகாரத்தையும் போனையும் என்னிடம் கொடுத்தார்.

"பத்திரமா வச்சிக்கம்மா. வாப்பா எடுத்துட்டு வந்துடுறேன்."

அவர் மரத்தருகே போய்ச் சேர்ந்ததும் போன் அடித்தது. பெயர் இல்லாத எண். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவை பயந்துபோய் எடுத்துவிட்டேன். ஒருவர் இந்தியில் வேகமாகப் பேசினார். அதில் வாப்பாவின் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது.

"வாப்பா இல்ல," என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு போனையே அணைத்துவிட்டேன்.

வாப்பா கரையேறி வந்து, துண்டால் கையைத் துடைத்தபடி கேட்டார். "யாராச்சும் கூப்பிட்டாங்களா?" கேட்கும்போது அவர் பார்வை தண்ணீரில் இருந்தது.

"இல்ல வாப்பா."

"ம்," என்றார்.

போனைத் திருப்பிக் கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. தூண்டிலை என் கையில் கொடுத்து, "நீ போடு, பார்ப்போம்," என்றார். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

என் தவளை பத்தடி கூடப் போகவில்லை. தாமரை இலை ஒன்றின் மேல் விழுந்து, அங்கிருந்து தண்ணீரில் நழுவியது. அப்போது குளம் வெடித்தது போல ஒரு சத்தம். தூண்டில் வில்லாக வளைந்தது. நான் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன்.

"விட்டுராத! விட்டுராதம்மா! சுத்து, சுத்து!"

வாப்பா எனக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தூண்டிலை அவர் தொடவில்லை. மீன் இழுத்தது, நான் சுற்றினேன், அது மறுபடி இழுத்தது. கடைசியில் என் கை நீளத்துக்குக் கருத்து மினுங்கும் ஒரு விரால், பாசியோடு கரையில் வந்து புரண்டது. வரப்பிலிருந்து அண்ணாச்சி ஓடி வந்தார்.

"ஏளா, நீயா பிடிச்ச? உங்க வாப்பா ரெண்டு மாசமா இத்துணூண்டு குஞ்சப் பிடிச்சிட்டு அலையுதான்!"

வாப்பா சிரித்தார். "போட்டோ எடுக்கணும். போனைத் தா."

கொடுத்தேன். அது அணைந்து கிடந்ததை அவர் பார்த்தார். அதை உயிர்ப்பித்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை மீனை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்.

திரும்பி வரும் வழியில் உப்பளத்துக்கு அருகே பைக்கை நிறுத்தி, என்னை மீனோடு நிற்கவைத்துவிட்டு, தள்ளிப் போய் யாரையோ கூப்பிட்டார். அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று உப்பு. அதற்கு நடுவே அவர் மிகச் சின்னதாகத் தெரிந்தார்.

"என்ன வாப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்றாங்க."

நான் அவரைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கம்பெனி லீவை நீட்டவில்லை, ஆளையே வேண்டாம் என்று அனுப்பியிருந்தது என்பதை நான் கல்லூரியில் படிக்கும்போது மாமா சொல்லித் தெரிந்துகொண்டேன். மும்பையிலிருந்து ஒரு ஏஜென்ட் அந்த வாரம் கூப்பிடுவதாக இருந்தாராம். துபாயிலேயே நல்ல வேலை. வாப்பாவின் போன் கிடைக்காததால் அது வேறு யாருக்கோ போனது. பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் கழித்து வாப்பா சவூதியில், ஊரே இல்லாத ஒரு பாலைவன முகாமுக்கு ஸ்டோர் கீப்பராகப் போனார். அடுத்து அவரைப் பார்த்தபோது எனக்குப் பதினான்கு வயது. நாங்கள் இருவரும் சலாம் சொல்லிக்கொண்டோம். அதற்குப் பிறகு என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. இப்போது ஊரோடுதான் இருக்கிறார். அந்த நாளைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான்தான் அந்த வேலையைக் கெடுத்தேன் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அன்றைக்குக் குளத்தில் காற்றே இல்லை. அந்த மரம் கரையிலிருந்து இருபது எட்டுத் தூரம்கூட இராது. போனின் மணிச் சத்தத்தை அவரே உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்; முதல் தடவை அடித்தபோதே கொக்குகள் எழுந்து பறந்தன. வாப்பா திரும்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டியபடி, நரம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்த பிறகுதான் குனிந்து கொக்கியைக் கழற்றத் தொடங்கினார்.

வாப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று, அன்றைக்குக் கரையில் உட்கார்ந்திருந்த நான் நினைத்துக்கொண்டேன்.