பெண்கள் எழுதிய ஆண்கள், என் தொண்டையில்

குரலை விற்றுப் பிழைக்கிறவனுக்கு முதலில் கட்டுவது தொண்டை; அடுத்தபடியாகக் கலங்குவது, தான் யார் என்கிற நினைப்பு.

கல்யாண மண்டபத்தில் மைக் பிடிப்பவர்கள், பஸ் ஸ்டாண்டில் நின்று ஊர்ப்பேர் விளிக்கிறவர்கள், கோயில் கொடைக்கும் சர்ச் கன்வென்ஷனுக்கும் ஜீப்பில் அறிவிப்பு சொல்லிப் போகிறவர்கள் எல்லாரும் என் இனம். நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ஒரு தெருவில் தமிழும் அடுத்த தெருவில் மலையாளமுமாக, ரொம்ப காலம் கத்தித் திரிந்தவன்தான் நானும். இப்போது போனில் கதை கேட்கிற ஆப் ஒன்றுக்காகப் பேசுகிறேன். அதில் வருவது முக்காலும் பெண்கள் எழுதிய கதைகள். அந்த ஆப்புக்குக் கதைகளைப் பதிந்து கொடுக்கிற ஷைனியின் வீடு பாறசாலை ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. அதன் பின்னறையில், சுவர் முழுக்கத் தேங்காய்நார் மெத்தை அடித்து, நடுவில் கண்ணாடி வைத்துப் பதிவு அறை ஆக்கியிருக்கிறாள். கதையை அவளே வாசித்து முதலில் பதிந்து வைத்துவிடுவாள். பிறகு நான் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து, அவள் வாசிப்பை ஹெட்போனில் கேட்டபடி, ஆண் வாயைத் திறக்கிற இடம் வந்தால் பேச வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

ம்

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை வசந்தா டீச்சரின் நாவல். டீச்சருக்குப் பக்கத்துக் காரோடு கிராமம், தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நாவலில் சுகுமாரன் என்று ஒருவன். பூவாரில் டூரிஸ்ட் படகு ஓட்டுகிறான். கதை முழுக்க அவன்தான் நிறைந்திருக்கிறான், ஆனால் பேச்சு கிடையாது. மனைவி பேசுகிறாள், மகள் பேசுகிறாள், கரையில் மீன் விற்கிற பெண்ணுக்குக்கூட அரைப் பக்கம் உண்டு. அவனுக்கு வருவதெல்லாம் 'ம்'.

முன்பு நாங்கள் ஊர்த் திருவிழாவில் நாடகம் போடுவோம். எழுதியது எல்லாம் ஆண்கள். அதில் வருகிற ஆண் கையில் விலங்கு மாட்டியிருந்தாலும் நாலு பக்கம் பேசிவிட்டுத்தான் ஜெயிலுக்குப் போவான். அந்தப் பழக்கத்தில் நான் முதல் 'ம்'மை நெஞ்சிலிருந்து எடுத்து, இழுத்து, ஒரு அழுத்தம் கொடுத்து இறக்கினேன். கண்ணாடிக்கு வெளியே டீச்சர் கையை உயர்த்தினார். ஷைனி பட்டனை அழுத்தி அவர் குரலை என் காதுக்குள் விட்டாள்.

"மக்கா, நீ சொல்லுதது சம்மதம்ங்கிற ம். அவன் சொல்லுதது வேற. அதக் கேட்டா, கேட்டவளுக்கு அடுத்த கேள்வி கேக்கத் தோணப்பிடாது."

முதுகு

என் இடம் வரும்வரை உள்ளே சும்மா இருக்க வேண்டும். மின்விசிறி போடக் கூடாது. ரயில் போனால் அது போய்த் தீரும்வரை நிறுத்தி வைப்போம். மத்தியான நேரம், கண்ணை மூடிக்கொண்டால் ஷைனியின் குரல் மட்டும் தண்ணீர் மாதிரி காதுக்குள் வந்துகொண்டே இருக்கும். சுகுமாரன் படகுக்கு நடந்து போகிறான். சுகுமாரன் கிணற்றடியில் குனிந்து முகம் கழுவுகிறான். சுகுமாரன் வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். சட்டையில் வியர்வை எப்படிப் படர்ந்தது, தோள் எந்தப் பக்கம் சாய்ந்தது, கோபம் வந்தால் கழுத்தின் பின்பக்கம் எப்படிச் சிவக்கும், எல்லாம் இருந்தது. கேட்கக் கேட்க நான் அவன் பின்னாலேயே நடந்துபோவதுபோல இருக்கும். பூவாரில் ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் ஒரு மணல்திட்டு உண்டே, அதில் அவன் முன்னால் போகிறான், நான் பின்னால் போகிறேன். கூப்பிட்டால் திரும்பமாட்டான்.

ஒருநாள் அப்படியே உறங்கிப்போய், என் இடம் வந்தது தெரியாமல் விட்டுவிட்டேன். ஷைனி கண்ணாடியில் தட்டி எழுப்பினாள். அசடு வழிய வெளியே வந்தவன், சமாளிப்பதற்காக டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இத்தனை எழுதியிருக்கிறீர்கள், அந்த ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு வரிகூட இல்லையே, முகம் தெரிந்தால்தானே எனக்குக் குரல் பிடிபடும் என்றேன். டீச்சர் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"அவன் முகத்த எனக்க பக்கம் திருப்பின நேரமெல்லாம் நான் அடுப்பப் பாத்துட்டு நின்னிருக்கேன் மக்கா."

நல்லவன்

நாவலுக்கு நடுவே ஒரு வாரம் வேறு கதை வந்தது. எழுதிய அஜிதா பாலராமபுரத்தில் ஒரு சேலைக் கடையில் கணக்கு எழுதுகிறவள், சின்ன வயது. அவள் கதையில் ராகவன் என்று ஒரு கணவன். மனைவி சொல்வதை முழுக்கக் கேட்பான். குறுக்கே பேசமாட்டான். அவள் அழுதால் ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். பிறகு, "உனக்கு எப்பம் தோணுதோ அப்பம் சொல்லு" என்பான். அந்த ஒரு வரியை நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். மெதுவாகச் சொன்னால் மனசில் கள்ளம் வைத்திருப்பவன் போல இருந்தது. அன்பாகச் சொன்னால், "அண்ணா, பாலிசி எடுக்கச் சொல்லுத ஏஜென்ட் மாதிரி இருக்கு" என்றாள் ஷைனி.

நண்பர்களே, கெட்டவனாகப் பேசுவது ஒரு பாடே இல்லை. நாங்கள் பார்த்து வளர்ந்த குரல்கள் எல்லாம் தொண்டையிலேயே தயாராக இருக்கின்றன. நல்லவனுக்கு மட்டும் எங்கிருந்து எடுப்பது என்று தெரியவில்லை. பொறுக்காமல் அஜிதாவிடமே கேட்டுவிட்டேன், இப்படி ஒரு ஆள் எங்கேயாவது உண்டா, இல்லை மனசுக்குள் உண்டாக்கியதா என்று. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, யோசிக்காமலேயே பதில் சொன்னாள்.

"உண்டு அண்ணா, ஏன் இல்ல? எங்க அடுத்த வீட்டுக்கு வாய்ச்சிருக்கு."

ராகவன் வீட்டுக்கு வந்தது

ஒரு வாரம் ராகவனாகவே இருந்துவிட்டு ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மழை விட்டு, முற்றத்தில் வாழையிலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. என் மனைவி லதா கொடியில் கிடந்து நனைந்த துணியை மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏதோ வாட்டம். எனக்கு வாய் தானாக அசைந்தது. பக்கத்தில் போய் நின்று, "உனக்கு எப்பம் தோணுதோ அப்பம் சொல்லு" என்றேன். இத்தனை நாள் அறைக்குள் வராத குரல், அங்கே சுத்தமாக வந்தது. லதா துணியைக் கொடியில் போட்டாள். ஈரக் கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"இது எழுதித் தந்ததா, சொந்தமா?"

குடையோடு வந்தவர்

டீச்சர் நாவலின் கடைசி அத்தியாயம் மிச்சம் இருந்தது. அன்று நல்ல மழை. டீச்சரைத் தனியே விட மனமில்லாமல் அவர் கணவர் தங்கராஜன் குடை பிடித்துக் கூட்டி வந்திருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதற்கு முன் அங்கே வந்ததில்லை. மனைவி ஏதோ கதை எழுதுகிறாள் என்று தெரியும், என்ன கதை என்று கேட்டதில்லை. முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குடையை ஓரமாக விரித்து வைத்தார். அந்த அறையில் ஒரு ஸ்பீக்கர் உண்டு, உள்ளே நடப்பதை வெளியே கேட்கலாம். ஷைனி அதை அணைக்க மறந்துவிட்டாள்.

கடைசி அத்தியாயம் இதுதான். சுகுமாரனின் மகள் சர்ச்சுக்குப் போகிற ஒரு பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சுகுமாரன் அவளைப் பார்க்கவே போகவில்லை. பல வருஷம் கழித்து ஒருநாள் படகைக் கட்டிப் போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். அங்கேதான் நாவலிலேயே முதல்முறையாக அவனுக்கு நீளமாகப் பேச்சு. "மகளே, அப்பன் தப்பு பண்ணிட்டேன். உன்ன நெனைக்காத நாளில்ல. என்ன மன்னிச்சிரு." இப்படி முக்கால் பக்கம் போகும். இத்தனை நாள் 'ம்' சொல்லியே காய்ந்துபோன நான், விட்டதையெல்லாம் பிடித்துவிடுகிற மாதிரி உருகிப் பேசினேன்.

பேசி முடித்துக் கண்ணைத் திறந்தால், கண்ணாடிக்கு வெளியே தங்கராஜன் நிற்கிறார். நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே வந்துவிட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தது அவர் முதுகு. ஒரு தோள் சற்றுச் சாய்ந்திருந்தது. அவருக்கு அந்தப் பக்கம் டீச்சர், சேலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி. சத்தமே கேட்கவில்லை. மீன்தொட்டிக்குள் இருந்து பார்ப்பதுபோல வாய்கள் மட்டும் அசைந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது, சுகுமாரன் இவர்தான் என்று. டீச்சர் மாற்றியது பஸ்ஸைப் படகாக்கியது மட்டும்தான். அவர்கள் மகள் ரேகா கல்யாணம் முடிந்து நெய்யாற்றின்கரையில்தான் இருக்கிறாள், காரோட்டிலிருந்து பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடித் திறந்தால் வந்துவிடும் தூரம். டீச்சர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இவர் போனதில்லை. மகள் சங்கதியெல்லாம் ஷைனி பின்னால் சொன்னது. அந்த நிமிஷம் நான் நினைத்தது, நாவல் இதோடு முடிந்தது, இத்தனை நாள் வேலையும் மழையோடு போச்சு என்றுதான். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

தங்கராஜன் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, ரூட் தப்பி வந்த பஸ்ஸை நிறுத்திச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "தம்பி, அந்த ஆளு அங்க நின்னு இத்தனையும் சொல்லமாட்டான். அவனுக்கு வராது." டீச்சர் விடவில்லை. "பின்ன என்ன சொல்லுவான்?" தங்கராஜன் வாசல் பக்கம் திரும்பினார். வெளியே ரயில் ஒன்று போய்த் தீர்ந்தது. "தட்டவும் மாட்டான். வாசல்ல நின்னு இருமுவான்" என்றார். நான் ஒரு இருமல் இருமிக் காட்டினேன். "அது சளி" என்றார். இன்னொன்று காட்டினேன். "அது பீடி." கடைசியில் ஷைனி அவரையே உள்ளே உட்கார வைத்தாள். ஹெட்போன் மாட்டியதும் பயந்த பிள்ளை மாதிரி இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். ஷைனி கை காட்டினாள். அவர் இருமவில்லை. கதவு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர் மாதிரி எதிர்ச் சுவரின் மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல ஒரு இருமல், பாதியில் நின்றுபோன மாதிரி. டீச்சர் ஷைனியின் தோளைத் தொட்டார்.

"எனக்க வசனத்த வெட்டிரு மோளே. அது மட்டும் இருக்கட்டு."

ரேகாவின் போன்

நாவல் ஆப்பில் வந்து கொஞ்ச நாள் ஆனது. ஒரு காலை, நாங்கள் வேறு கதைக்கு உட்கார்ந்திருக்கும்போது ஷைனிக்கு ஒரு போன். ஸ்பீக்கரில் போட்டாள். பேசியது ரேகா. அம்மாவின் கதையைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள், ஒருவேளை அழப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் கதையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு இருமல் வருகிறதே, அது அப்பாவுடையதுதானே என்றாள். ஷைனி ஆமாம் என்றாள். பின்னணியில் ஏதோ குழந்தையின் சத்தம்.

"அப்பாவுக்கு எப்பம் முதல் இந்த இருமலு? ஆஸ்பத்திரில காட்டினாவளா, இல்ல சும்மா இருக்காவளா?"

டீச்சர் சொன்னது

அதற்கு அடுத்த வாரம் டீச்சர் வந்தார், அடுத்த கதையைப் பற்றிப் பேச. வந்ததும் உட்கார்ந்து ஷைனி கொடுத்த பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை ரேகா வந்தாள், கணவனும் குழந்தையுமாக. வாசலில் வந்து நின்றாள். தங்கராஜன் உள்ளே செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து மகளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ஸு நேரத்துக்குக் கிட்டிச்சா?" அவள் பஸ்ஸில் வரவில்லை, காரில் வந்திருந்தாள். இருந்தும், "கிட்டிச்சு" என்றாளாம். மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கார் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டானாம். பிறகு சாயங்காலம் வரை ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு அப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தாளாம். அவர் திட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டு, குழந்தைக்குக் கியர் போடுவது எப்படி என்று குடைக் கம்பை வைத்துச் சொல்லிக்கொடுத்தாராம்.

சொல்லி முடித்துவிட்டு டீச்சர் என்னைப் பார்த்தார். சந்தோஷமா சங்கடமா என்று பிரிக்க முடியாத ஒரு முகம்.

"வருஷக் கணக்கா இருந்து இத்தன பக்கம் எழுதினது நான். அவரு ஒத்த இருமலு இருமினாரு. மக அதுக்காக்கும் வந்தா."

பெண்கள் எழுதுகிற ஆண்களுக்குப் பேச்சு குறைவு என்று இனிமேல் நான் யாரிடமும் குறை சொல்லப்போவதில்லை, அவர்கள் கொடுத்த அந்தக் கொஞ்சத்தையே எங்களுக்கு இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை.