ஐந்து மணிக்கு முன் கேட்ட கேள்வி

யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் இரசாயனம் படிப்பித்தேன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, பெட்ரோல் நிலையம் ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் ஆறு வருடம் இருந்தேன். அங்கே ஒருவரும் என்னை மாஸ்ரர் என்று கூப்பிடவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பிறகு வந்த வேலையை ஏன் அவ்வளவு ஆசையோடு செய்தேன் என்று யோசித்தால் முதலில் இதுதான் நினைவுக்கு வருகிறது.

இங்கே வளர்ந்த பிள்ளைகளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர்த்துவிடுவதுதான் அந்த வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்கு ஐரோப்பாவில் சில மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைத் தேடின. ஏ லெவல் என்ற பள்ளி இறுதிப் பரீட்சையில், பிரிட்டனில் மருத்துவம் படிக்கப் புள்ளி போதாத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பேசுவது என் பொறுப்பு. பிள்ளை சேர்ந்தால் எனக்கும் ஒரு தொகை வரும். அலுவலகம் அப்டன் பார்க்கில் ஒரு சேலைக் கடையின் மாடியில் இருந்தது. நடத்தியவர் மதுரைக்காரர்.

"ஏ லெவல் ரிசல்ட் வர்ற வாரம்தான் சார் நமக்கு சீசன்," என்பார். "கீழ தெருவுல மாம்பழம் முடியுறப்ப நம்ம கடை திறக்கும். நீங்க ஒண்ணும் விக்க வேணாம். சும்மா போய் உக்காருங்க. வாத்தியார் வந்திருக்காருன்னாலே பாதி வேலை முடிஞ்சுரும்."

அவர் சொன்னது சரிதான். எங்கள் சனம் வங்கிக்காரனிடம் பத்துக் கேள்வி கேட்கும். மாஸ்ரரிடம் கேட்காது.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டுக்கு, முடிவுகள் வந்த மறுநாள் பின்னேரம் போனேன். தகப்பன் தபாற்கந்தோரில் வேலை செய்தவர். மகள் சனிக்கிழமைகளில் என்னிடம் இரசாயனம் படித்தவள், கெட்டிக்காரி. மருத்துவத்துக்கு மட்டும் ஒரு படி குறைந்துவிட்டது. காலையிலிருந்து அவள் பல்கலைக்கழகங்களுக்குத் தொலைபேசி எடுத்தபடி இருந்திருக்கிறாள். வடக்கே ஒரு பல்கலைக்கழகம் நுண்ணுயிரியல் படிக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஐந்து மணிக்கு முன்னர் திருப்பி அழைத்து உறுதி செய்ய வேண்டும்.

நான் உட்கார்ந்தபோது நாலு மணி. கல்லூரியின் படங்கள் ஒட்டிய அல்பத்தை விரித்தேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் என்றேன். அது உண்மை. மூன்றாம் வருடத்திலிருந்து ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளோடு அந்த நாட்டு மொழியில்தான் பேச வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

மகள் இரண்டு தரம் வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, இட்ஸ் ஆல்மோஸ்ட் பைவ்."

"மாஸ்ரர் கதைக்கிறார் எல்லே. கொஞ்சம் பொறு பிள்ளை."

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாஸ்ரர், அந்த இடத்துக்கும் இப்ப ஓம் எண்டு சொல்லி வைச்சிட்டு, பிறகு வேண்டாமெண்டு விட ஏலாதோ?"

ஏலும். தாராளமாக ஏலும். ஒரு கடிதம் எழுதினால் போதும், ஒரு நட்டமும் இல்லை. அந்த வீட்டில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் இடம் கையில் இருந்தால் இரவு யோசிப்பார்கள், காலையில் மனம் மாறும். அதுவும் எனக்குத் தெரியும்.

"தம்பி, ரெண்டு தோணியிலை கால் வைக்கக் கூடாது," என்றேன்.

அவர் பெரிதாகத் தலையாட்டினார். மனைவியைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறுதலாகக் குடித்தேன். நான் எழும்பியபோது ஐந்தே கால். அவள் மாடிப்படியில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போய் வருகிறேன் என்றேன். "பாய் அங்கிள்" என்றாள், மரியாதையாக.

அவள் போனாள். முதல் இரண்டு வருடமும் நல்ல புள்ளி. மூன்றாம் வருடம் வார்டுப் பரீட்சையில் தோற்றுவிட்டாள். எங்கே நோகிறது என்று கேட்கத் தெரியும், நோயாளி சொல்லும் பதில் விளங்காது. அந்த வருடத்தைத் திரும்பப் படித்தாள். இரண்டாம் முறையும் சரிவராமல் லண்டனுக்குத் திரும்பினாள்.

அந்தக் கிழமை தகப்பன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரல் உடைந்திருந்தது.

"மாஸ்ரர், உள்ளதைச் சொல்லுங்கோ. அவள் படிக்காமல் திரிஞ்சவளோ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மதுரைக்காரர் அலுவலகத்தை மூடிவிட்டுப் போய்விட்டார், எனக்கு இழக்க ஒன்றும் இருக்கவில்லை. பேர் மட்டும் இருந்தது.

"கொஞ்சம் கவனக் குறைவு எண்டுதான் அங்கையிருந்து சொல்லினம்," என்றேன்.

ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் மகளோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் வீட்டைவிட்டுப் போய்த் தனியாக ஓர் அறையில் இருந்தாள். லூயிஷாம் சிவன் கோவிலில் தாயைக் கண்டேன். "எங்கடை தலைவிதிக்கு நீங்கள் என்ன செய்வியள் மாஸ்ரர்," என்று சொல்லி எனக்குத் திருநீறு நீட்டினார். வாங்கிப் பூசிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்க அப்டன் பார்க்கில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். வெள்ளை மேலங்கியோடு உள்ளே மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். கடையில் வேறு ஆள் இல்லை. நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம். எல்லாவற்றையும் சொன்னேன்: வார்டு, அன்று தகப்பன் கேட்ட கேள்வி, அதற்கு நான் சொன்ன பதில், பிறகு தொலைபேசியில் சொன்னது.

அவள் கோபப்படவில்லை. கடைசியாகச் சொன்னதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"நான்கு வருடமும் நான் ஊர் சுற்றினேன் என்று அப்பா நினைக்கிறார்," என்றாள். "எனக்குச் சொல்ல வேண்டாம் அங்கிள். அவருக்குச் சொல்லுங்கள்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெய்னர்ஸ் லேனுக்குப் போனேன். தகப்பன் என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். மகன் ஏ லெவல் எடுக்கப் போகிறானாம். "நீங்களே வந்திட்டியள். இவனுக்கும் வெளியிலை ஒரு நல்ல இடம் பாருங்கோவன்," என்றார்.

"தம்பி, அதுக்கு முதல் நான் ஒண்டு சொல்ல வேணும்," என்று தொடங்கினேன். மகளுக்குச் சொன்ன அதே ஒழுங்கில், ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவள் உங்களிட்டை வந்து அழுதவளோ?"

"இல்லை. நானாத்தான் வந்தனான். உங்களுக்குப் பொய் சொன்னது நான்."

அவர் என் முழங்காலில் கை வைத்தார். "உங்கடை மனம் பெரிசு மாஸ்ரர். ஊரிலையும் நீங்கள் இப்பிடித்தானாம். பெடியள் செய்த குழப்படிக்குப் பள்ளிக்கூட அதிபரிட்டை நீங்கள் பேச்சு வாங்கினியளாம். எனக்குத் தெரியும்."

"தம்பி, இது அதில்லை. அண்டைக்கு அந்த இடத்தை எடுத்து வைச்சிருக்கலாம். அவள் படிச்சவள். அவளிலை ஒரு பிழையும் இல்லை."

"படிக்கிற பிள்ளை எங்கையும் படிக்கும்," என்றார். "அவளைக் காப்பாத்த நீங்கள் ஏன் உங்கடை பேரைக் கெடுக்கிறியள்? விடுங்கோ."

மூன்றாம் முறையும் சொன்னேன். அவர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. எழும்பிப் போய் மகனைக் கூட்டிவந்து, "மாஸ்ரரைப் பார். இப்பிடி மனிசரை இனிக் காணமாட்டாய்," என்றார்.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனேன். இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், நான் மூன்றாவது. என் முறை வந்தபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னேன். அவர் நம்பவில்லை," என்றேன். "உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்."

"எத்தனை தரம் சொன்னீர்கள்?"

"மூன்று தரம்."

அவள் மேசையில் இருந்த காகிதப் பைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

"சரி அங்கிள்," என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் வந்து நின்ற பெண்ணிடம் மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினாள்.