சத்தியபாய் மூடிய குழி

எங்கள் அறக்கட்டளையின் முதல் கூட்டத்துக்கு நாற்காலிகளையும் மைக்கையும் வாடகைக்குத் தந்தவர் சத்தியபாய் மாமி. சாமானை இறக்கியதோடு போகாமல், கடைசி வரிசையில் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலிகளுக்குக் காவலாக இருக்கிறார் என்று நினைத்தேன். கூட்டம் முடிகிறவரை அவர் கண் நாற்காலிகள் பக்கம் போகவே இல்லை. சென்னையிலிருந்து வந்திருந்த எங்கள் ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வளர்கிற பேரூர் எங்களுடையது. அதன் நடுவில் சந்தைவிளை மைதானம். இடம் பேரூராட்சிக்குச் சொந்தம். கிழக்கே சிஎஸ்ஐ சபை, வடக்கே அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற நிழல்தாங்கல், தெற்கே பத்திரகாளி கோயில், மேற்கே சாலை. சாலையோரத்தில், சொந்த மண்ணில், சத்தியபாயின் தகரக் கொட்டகை. பந்தல் கம்பு, லைட், ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள் இருக்கும். முன்னால் முற்றத்தில் அவருடைய மினி லாரி நிற்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்திருந்த அறக்கட்டளை, பேரூராட்சியோடும் ஒரு தனியார் நிறுவனத்தோடும் கைகோர்த்து அந்த மைதானத்தை எல்லாருக்குமான பண்பாட்டு வெளியாக்கப் போவதாகச் சொன்னது. நிழல் மரங்கள், உட்காரும் திண்டுகள், கலைநிகழ்ச்சிக்கு ஒரு மேடை, பெண்களுக்குக் கழிப்பறை. வெளிநாட்டு ஊர்களில் மாலை நேரத்தில் சதுக்கங்களில் கிழவர்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். திட்டம் எனக்குப் பிடித்திருந்தது.

கூட்டத்தில் மைதானத்தின் படத்தைப் பெரிதாக விரித்து, வேண்டியதன் மேல் வண்ணப் பொட்டு ஒட்டச் சொன்னோம். பெண்கள் ஒட்டிய பொட்டெல்லாம் கழிப்பறை மேல்தான். சத்தியபாய் மட்டும் தன் பொட்டை விரல் நுனியிலேயே வைத்திருந்தார்.

"ஒட்டலியா மாமி?" என்றேன்.

"இத ஒட்டினா என்னத்துக்கு ஒட்டினேன்னு நாள கேப்பினும். நீ ஆருக்க மவ?"

சொன்னேன்.

"அப்போ நம்ம சபதான். தாங்கல்காரன் உன்ன நம்பமாட்டான். நீ சர்ச்சுக்கு வாறதில்ல, அதுனால நம்ம ஆளும் நம்பமாட்டான். உங்க ஆபீசுல நல்ல ஆளப் பாத்துதான் எடுத்திருக்காவ."

பொட்டைத் தன் லாரியின் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார்.

திற்பரப்புப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகளாகப் பிறந்தவர் சத்தியபாய். கட்டிக்கொண்டு வந்தது லைட் செட் வைத்திருந்த ஒருவரை. கணவர் மாரடைப்பில் இறந்தபோது மைத்துனன்மார் ஜெனரேட்டரை விற்றுத் தருகிறோம் என்று வந்தார்கள். "வித்துத் தருவினுமாம். வித்துட்டு எங்க தருவினும்?" என்று சொல்லி, அவர்கள் போகிறவரை ஜெனரேட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தாராம். பிறகு வயர் முறுக்கவும் ஸ்பீக்கர் கட்டவும் தானே கற்றுக்கொண்டார். மகள் பெபிஷா மஸ்கட்டில் நர்ஸ். அவள் வீடியோவில் கூப்பிட்டால், போனைத் திருப்பி அறை முழுவதையும் காட்டச் சொல்லுவார், யாரோடு தங்கியிருக்கிறாள் என்று பார்க்க.

சபையின் கன்வென்ஷன், நிழல்தாங்கலில் நாள்கணக்கில் நடக்கும் திருஏடு வாசிப்பு, காளிகோயில் திருவிழா மூன்றுக்கும் பந்தலும் மைக்கும் அவருடையதுதான். அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. விழா முடிந்த மறுநாள் உச்சிக்குள் பந்தல் குழி, கொடிக்கம்பக் குழி எல்லாவற்றையும் மூடி மிதித்துவிட வேண்டும். மற்ற இரண்டு பக்கத்துக்காரரும் சாயா குடிக்க வந்தவர்கள்போல வந்து தரையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். முன்பொரு தடவை ஒரு கம்பம் மட்டும் ஒரு வாரம் கூடுதலாக நின்றது. அதன் அடியில் சிமெண்ட் வந்தது, பிறகு வெள்ளையடித்தார்கள், பிறகு மாலை விழுந்தது. அதைப் பிடுங்குவதற்குள் போலீஸ் பந்தோபஸ்து, தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை, ஒரு வருடம் மைதானத்தில் எந்த விழாவும் இல்லை. யாருடைய கம்பம் என்று சத்தியபாய் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. அன்றிலிருந்து குழி மூடும் பொறுப்பு அவர் குடும்பத்துக்கு வந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நம்பாததால் அவரை நம்பினார்கள்.

கார்த்திகையில் திருஏடு வாசிப்புக்குப் பந்தல் போட இருந்த வாரம், சனிக்கிழமை, தோண்டும் இயந்திரம் ஒன்று வந்து மைதானத்தின் வடகிழக்கு மூலையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு குழி எடுத்துவிட்டுப் போனது. நான் நாகர்கோவிலில் இருந்தேன். ஓட்டுநர் ஆரல்வாய்மொழிக்காரர். என்ன குழி என்று கேட்டவர்களிடம் தனக்குத் தெரியாது என்றாராம். அது உண்மைதான்.

வடகிழக்கு என்றால் சபைக்கும் நிழல்தாங்கலுக்கும் நடுவில். அன்று சாயங்காலமே சபைக்காரர்கள், தாங்கல்காரர்களுக்குக் கொடிமரம் வருகிறது என்று முடிவுசெய்தார்கள். தாங்கலில், கோபுரத்தோடு சிலுவை வைத்த குருசடி வருகிறது என்றார்கள். காளிகோயிலில், இரண்டு பேரும் சேர்ந்து நமக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, சபைக்குக் கட்டிய சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் வேலையாள் ரெனிஷையும் வேறு ஆட்களையும் இறக்கி சத்தியபாய் அந்தக் குழியை மூடினார். செய்தி கேட்டு நான் ஓடி வந்தபோது மேல்மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமி, என்ன செய்யிய? இது எங்க குழி."

"உங்க குழின்னு எழுதியா வச்சிருக்கு? லே ரெனிஷே, அந்த ஓரம் தாழ்ந்து கிடக்கு, நல்லா மிதி."

"இது பெண்களுக்கான பாத்ரூம் டேங்கு, மாமி."

ரெனிஷ் மிதிப்பதை நிறுத்தினான். சத்தியபாய் நிறுத்தவில்லை.

"பாத்ரூம் ரோட்டுப் பக்கம்னுதானே படத்துல காட்டின?"

அது சரிதான். சாலைப் பக்கம் தோண்டிப் பார்த்ததில் பாறை வந்திருந்தது. எங்கள் கட்டடக்கலைஞர் ஜினி, மார்த்தாண்டத்துக்காரி, சென்னையில் இருந்துகொண்டே கழிப்பறையை மூலைக்கு மாற்றி ஒப்பந்தக்காரருக்கு அனுப்பியிருக்கிறாள். ஊரில் யாருக்கும் தெரியாது. அன்று காலை அவள் போன் செய்கிறவரை எனக்கே தெரியாது.

"கக்கூஸுன்னு சொல்லித் தோண்டினா கக்கூஸுதான் வருமா?" என்றார் சத்தியபாய். "நீ பிள்ள. உனக்கு ஓர்ம இருக்காது. இஞ்ச எல்லாம் குழியிலதான் தொடங்கும்."

ஒப்பந்தக்காரர் போலீசுக்குப் போவேன் என்றார். பணம் தரும் நிறுவனம், மாதக் கடைசிக்குள் இடம் முடிவாகாவிட்டால் வேறு ஊரைப் பார்த்துக்கொள்வதாக அறக்கட்டளைக்கு எழுதியது. ஜினி வந்து மூன்று பக்கத்துக்காரரையும் தனித்தனியாகப் பார்த்தாள். எல்லாருக்கும் கழிப்பறை வேண்டும். ஆனால் தங்கள் பக்கம் வேண்டாம், மற்றவர்கள் பக்கம் வருவதற்கும் நம்பிக்கையில்லை. நிழல்தாங்கலின் பணிவிடையாளர் வைகுண்டராஜன் வெளிப்படையாகவே சொன்னார்: "அவங்க பக்கம் வச்சா நாளைக்குப் பூட்டு அவங்க கையில. எங்க பொம்பளேளு சாவிக்குப் போயி நிக்கணுமா?"

மிச்சம் இருந்தது ஓர் இடம்தான். சத்தியபாயின் கொட்டகைச் சுவரை ஒட்டி, மைதானத்தின் சாலையோர விளிம்பு. கட்டடத்துக்கு அங்கே பாறை தடையில்லை. டேங்குக்குத்தான் ஆழம் வேண்டும். பாறை இல்லாத மண், லாரி நிற்கும் அவருடைய முற்றத்தில் இருந்தது. அங்கே டேங்கு இறங்கினால் மைதானத்தில் குழியே வேண்டாம்.

சொன்னபோது சத்தியபாய் ஜினியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தானா ஏட்டி, முதல்லயே மூலையில தோண்டினிய? நான் மூடுவேன்னு தெரியும். பெறவு எனக்க முற்றத்துல வந்து நிக்கலாம்."

"அப்படியெல்லாம் இல்ல மாமி."

"அப்படியெல்லாம் இல்லன்னுதான் எல்லாவனும் சொல்லுவான்."

பொதுப்பணத்தைத் தனியார் மண்ணில் செலவிட அவருடைய ஒப்புதல் எழுத்தில் வேண்டும். அங்கேதான் எல்லாம் நின்றது. ஒப்பந்தத்தை வாங்கி வைத்துக்கொண்டார். பெபிஷாவிடம் போனில் காட்டினார், ரெனிஷை வாசிக்கச் சொன்னார், ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கொண்டுபோனார். கையெழுத்து மட்டும் வரவில்லை. இன்று குழி கேட்கிறவன் பத்து வருடம் கழித்து முற்றத்தையே கேட்பான் என்பதுதான் அவர் பேச்சு. அது நடக்காது என்று நான் அடித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தின் ஆட்களை நானே சரியாக அறிந்திருக்கவில்லை. சொல்லவில்லை.

திருஏடு வாசிப்பின் கடைசி நாள் கூட்டம் மைதானம் கொள்ளாமல் இருந்தது. சத்தியபாய் ஆம்ப்ளிஃபையர் அருகில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. விழா நாட்களில் அவர் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை என்று ரெனிஷ் சொன்னான். மூத்திரக்கல் என்று இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்.

விளக்கு வைக்கிற நேரம் அவர் முகம் மாறியது. மைக்கை விட்டுவிட்டுத் தன் வீடுவரை போக முடியாது, வழக்கமாக ஒதுங்கப் போகும் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர்களும் வாசிப்புக்கு வந்திருந்தார்கள்.

"நீ கூட வா" என்றார்.

மைதானத்துக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்துக்குள் நடந்தோம். சருகு ஈரமாக இருந்தது. நான் திரும்பி நின்று காவல் காத்தேன். எங்கோ சருகு நெரிந்தது. "ஆரு?" என்று சத்தியபாய் மரத்துக்குப் பின்னாலிருந்து அதட்டினார். சருகு மறுபடி நெரிந்தது. "ஆருன்னு கேக்கேன்லா!"

"நான்தான், செல்லத்தாய்" என்று ஒரு மெல்லிய குரல். நிழல்தாங்கல் பெண். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கொஞ்சம் தள்ளி, போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, காளிகோயில் தெருப் பெண்கள் நின்றார்கள். எங்கள் சபைப் பெண் ஒருத்தியும் மகளோடு வந்திருந்தாள். வாசிப்பு கேட்க வந்ததை யாரும் பார்க்கவேண்டாம் என்றோ என்னவோ, முக்காடு போட்டிருந்தாள். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆம்பளேளு எவனாவது வாறானா?" என்று செல்லத்தாய் கேட்டாள்.

"வந்தா வரட்டும்" என்றார் சத்தியபாய். "நான் நிக்கேன். எல்லாரும் போயிட்டு வாங்க. சவம், பாம்பு கிடக்கப்போவுது, பாத்து."

எல்லாரும் வெளியே வருகிறவரை அவர் அங்கேயே நின்றார், ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் பந்தல் குழிகளை மூடி முடித்துவிட்டு ஒப்பந்தத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு வரியை அடித்துவிட்டு, மேலே தன் கையால் எழுதியிருந்தார்: நிலத்துக்கு அடியில் மட்டும், நிலம் என்னுடையது. ஜினி அதை மாற்ற முடியாது என்று தொடங்கினாள். சத்தியபாய் எழுந்து செருப்பைப் போட்டார். ஜினி சென்னைக்குப் பேசினாள். அந்த வரி அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்ததும் கையெழுத்துப் போட்டார்.

தோண்டும் நாளில் லாரியைச் சாலையில் நிறுத்தச் செய்துவிட்டு, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வைகுண்டராஜனையும் சபைச் செயலாளர் செல்வதாஸையும் காளிகோயில் தலைவரையும் வரச் சொல்லியிருந்தார். இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது.

"தொடங்கலாமா மேடம்?" என்றார் ஓட்டுநர்.

"பொறும்" என்றார் சத்தியபாய். "ஏட்டி, உங்க ஆபீசு இத எத்தன வருசம் பாக்கும்?"

"ஒரு வருசம், மாமி."

"கேட்டீரா?" என்று அந்த மூவரிடமும் திரும்பினார். "பெறவு இதக் கழுவுகது ஆரு? எனக்க மண்ணுக்கடியில கிடக்கு. நாறினா எனக்குத்தான் நாறும். மாசம் மாசம் ஆரு ஆளு வைப்பீரு, சொல்லும். சொன்னாத்தான் அவன் கைய வைப்பான்."

பேரூராட்சி பார்க்கும் என்றார் செல்வதாஸ்.

"பேரூராட்சி எனக்க தெருவிளக்கப் பாத்த சேலு எனக்குத் தெரியும்."

டீசல் எரிந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார். அடுத்த வேலைக்குப் போகவேண்டும் என்றார். சத்தியபாய் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார். இன்றைக்கு இல்லாவிட்டால் இந்தக் குழி இல்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"சரி, முதல் மாசம் சபை" என்றார் செல்வதாஸ்.

"அது எப்படி?" என்றார் வைகுண்டராஜன். "முதல் மாசம் நீங்க செய்தா, உங்களாலதான் வந்ததுன்னு ஊரெல்லாம் பறைவீரு. முதல் மாசம் தாங்கல்."

"அப்போ நாங்க மூணாவதா?" என்றார் காளிகோயில் தலைவர். "எங்க திருவிழா மாசம் எங்களுக்கு வேணும். வேற ஆளு கழுவினா எங்களுக்கு நம்பிக்க இல்ல."

"நீங்க கழுவினத நாங்க வந்து பாப்போம்" என்றார் செல்வதாஸ்.

"வாரும். நாங்களும் வருவோம்."

அவர்கள் சண்டை போட்டே முறை வகுத்துக்கொண்டார்கள். முதல் மாதம் தாங்கல், இரண்டாவது சபை, திருவிழா மாதம் காளிகோயில். சத்தியபாய் ஒவ்வொருவரையும் தன் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லவைத்தார். என்னையும் செல்வதாஸையும் சாட்சி என்றார். பிறகு செல்வதாஸ் வேண்டாம், அவரும் ஒரு கட்சி, அதனால் ஓட்டுநர்தான் சாட்சி என்று மாற்றினார்.

"நான் ஆரல்வாய்மொழி, மேடம்."

"அதுதான் நல்லது. உமக்கு இஞ்ச ஒரு கட்சியும் இல்ல. இப்ப தோண்டும்."

இரும்புக் கை முற்றத்துச் செம்மண்ணைக் கடித்தது. மூவரும் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். சத்தியபாய் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, மண் மேலே வருவதை ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.