பூண்டுப் பரணில் தொங்கிய சைக்கிள்

எங்கள் ஊரில் சைக்கிளை யாரும் ஓட்டியதில்லை, உருட்டிக்கொண்டுதான் போவோம். பூம்பாறையில் ஒரு வீட்டு வாசலுக்கும் அடுத்த வீட்டு வாசலுக்கும் நடுவிலேயே ஓர் ஏற்றமோ இறக்கமோ இருக்கும். இதில் எங்கே ஏறி உட்கார்ந்து மிதிப்பது? ஆனாலும் பதினோராம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. சமவெளிப் பிள்ளைக்குக் கிடைப்பது மலையில் பிறந்த பாவத்துக்காகக் கிடைக்காமல் போகலாமா? அதுவும் நியாயம்தான். அப்படி என் அத்தைக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டிலேயே இருந்தவள்.

வந்த வேகத்தில் அந்தச் சைக்கிள் பூண்டு சுமக்கப் போய்விட்டது. மூட்டை உட்கார இடைஞ்சலாக இருந்ததால் சீட்டைக் கழற்றினார்கள். பாவாடையைப் பிடித்து இழுத்த செயினைக் கழற்றி மாட்டுக்கொட்டகைக் கதவைக் கட்டினார்கள். மணி எனக்கு வந்தது. மிச்சமிருந்த சட்டத்தில் மூட்டையைக் கிடத்தி, அப்பா முன்னால் ஹாண்டிலைப் பிடிக்க, அத்தை பின்னால் இழுத்துப் பிடிக்க, படிப்படியாகக் கிடக்கும் எங்கள் வயல்களில் இருந்து இறங்கி வருவார்கள். ஒவ்வொரு வளைவிலும் மூட்டை சரியும், இருவரும் சிரிப்பார்கள். மற்ற நேரத்தில் அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்றே சொல்ல முடியாது. எண்ணிப் பேசுகிற மனிதர். தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர் என்பதால், அவளிடம் மட்டும் அவருக்கு வேறொரு முகம் இருந்தது.

பள்ளிப் படிப்பை முடித்த அத்தைக்கு வத்தலக்குண்டுப் பக்கம் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. அய்யம்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து படிக்கிற இடத்துக்கு நேரத்துக்குப் பஸ் கிடையாது.

“பஸ்ஸு இல்லாத ஊருல எப்படிப் போவ?” என்று அப்பா கேட்டார்.

“எனக்குத்தான் சைக்கிள் இருக்குல்லண்ணே.”

அப்பா கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். “அந்தச் சைக்கிளா? சரி. அது ஓடுச்சுன்னா நீ போ.”

அத்தை அப்போதே வீட்டைச் சுற்றி வந்து சைக்கிளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். சீட்டு கோழிக்கூண்டின் மேல் கிடந்தது. கொட்டகைக் கதவிலிருந்து செயினை அவிழ்த்ததில் மாடு வெளியே வந்து அடுத்த வீட்டு முட்டைக்கோஸில் வாய் வைத்து ஒரு சண்டை ஆனது. மணியை மட்டும் நான் தரவில்லை. எல்லாவற்றையும் பொருத்தினால் ஓடிவிடும் என்று நினைத்தாள். பெடலில் கை வைத்துப் பார்த்தால் அது அசையவில்லை. மிதிக்கிற ஊர்ச் சைக்கிள் தேய்ந்து போகும். எங்களுடையது மிதிபடாமலே பனியும் சாரலும் குடித்து, பெடல்களைக் கோத்திருக்கும் நடு இருசு துருவில் இறுகிப்போயிருந்தது. இருசோடு, அதை இரண்டு பக்கமும் தாங்குகிற இரும்புக் கப்புகளையும் மாற்றியாக வேண்டும்.

இதற்கு ஆள் தேடிப் போக வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா வத்தலக்குண்டில் ஒரு சைக்கிள் கடையில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். புது இருசும் கப்பும் பேரிங் குண்டுகளும் கொடைக்கானல் ஏரிப் பக்கம் வாடகைச் சைக்கிள் விடுகிற என் தாய்மாமாவிடமிருந்து மறுநாள் பஸ்ஸிலேயே வந்துவிட்டன. பூண்டு வேன் கீழே சந்தைக்குப் போகும் நாளில் அத்தையும் அதில் போக வேண்டும் என்று பேச்சு. அதற்குள் சைக்கிள் தயாராக வேண்டும்.

அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். பின்களைத் தட்டி எடுத்துப் பெடல் கட்டைகளை உருவினார். இடது பக்கக் கப்பு கொஞ்சம் முனகிவிட்டுக் கழன்று வந்தது. உள்ளே குண்டுகள் இருந்த இடத்தில் செம்மண்ணைப்போல ஏதோ கொட்டியது. இருசையும் தட்டி வெளியே எடுத்தாயிற்று. வலது பக்கக் கப்பில்தான் எல்லாம் நின்றது. அப்பா அதில் ஸ்பேனரை மாட்டி, ஸ்பேனர் காம்பில் ஒரு பைப்பைச் சொருகி, ஒரு காலைச் சுவரில் ஊன்றித் தன் பக்கமாக இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அத்தை சைக்கிளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அம்மா பின்சக்கரத்தை அழுத்திப் பிடித்தாள். கப்பு இம்மியும் நகரவில்லை. எங்கள் அப்பாவின் பலத்துக்கே கழலாத இரும்பு இருக்கிறதே என்று எனக்கு ஒரே வியப்பு. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“பூண்டையே பரண்ல போட்டுத்தான காய வைக்கிறோம், இந்தத் துரு காயாதா?” என்றாள் அம்மா. எங்கள் மலைப் பக்கம் வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, பூண்டைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டுப் புகை காட்டுவோம். நனைந்த துணி, பள்ளிக்கூடப் பை எல்லாம் அங்கேதான் போகும். எங்களுக்குத் தெரிந்த ஒரே மருத்துவம் அது. கப்பின் விளிம்பில் விளக்கெண்ணெய் விட்டு, சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தைத் தூக்கிப் பூண்டுக்கு நடுவில் மாட்டினார்கள். சைக்கிளுக்குக் கீழே உட்கார்ந்து சோறு தின்ற வீடு மலையில் எங்கள் வீடாகத்தான் இருக்கும். எண்ணெய் ஒரு சொட்டு ரசத்தில் விழுந்ததற்குக்கூட யாரும் கோபப்படவில்லை.

நன்றாகப் புகை குடித்து இறங்கி வந்த பிறகும் கப்பு அப்படியேதான் இருந்தது. அப்பா மறுபடி காலை ஊன்றி இழுத்தார். ஸ்பேனர் வழுக்கி அவருடைய விரல் முட்டி சட்டத்தில் மோதித் தோல் பிய்ந்தது. அத்தை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

“விட்டுருண்ணே. நான் போகல.”

அப்பா கையை உருவிக்கொண்டார். நான் மணியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி அடித்துக்கொண்டே ஓடினேன். அத்தை போகவில்லை! எனக்குச் சடை பின்ன, கதை சொல்ல, அம்மாவின் அடியிலிருந்து காப்பாற்ற அத்தை இங்கேயே இருப்பாள். இவ்வளவு நல்ல சேதிக்கு வீட்டில் ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள். பூண்டு உரித்தால் கண் கலங்காது, வெங்காயத்துக்குத்தான் கலங்கும் என்று அவளிடம் போய்ச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு, போனுக்கு டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறினாள். சாமான் வேண்டாம், திருப்பி அனுப்புகிறேன் என்று மாமாவிடம் சொல்லத்தான் போனாள். காற்று இரைச்சலில் கேட்க வேண்டும் என்று மாமா கத்திப் பேசியது எனக்கும் கேட்டது.

“வலது கப்புக்கு மரை உல்டா அக்கா. மத்ததெல்லாம் கழட்டுற மாதிரி இழுத்தா அது இன்னும் இறுகும். எதிர்ப்பக்கம் தள்ளச் சொல்லு.”

“அவருக்குத் தெரியாதாடா?”

“கடையில வேலைக்குச் சேந்தவனுக்கு மொத நாளே சொல்லிக் குடுக்குறதுதான் அக்கா அது. மச்சானுக்குப் போயி நான் சொல்லவா?”

அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து இறக்கத்தில் கூட்டி வந்தாள். அப்பா மறந்துபோய்விட்டார் போல, போனதும் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்துக்கொண்டு வந்தேன். நல்லவேளையாக வீட்டுக்குள் நுழைந்ததும் பசியில் எல்லாம் மறந்துவிட்டது.

அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு அம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வழக்கமாக அப்படி உட்கார மாட்டாள். அத்தை கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க,” என்றாள் மெதுவாக. “அவ இல்லாம எனக்கு மட்டும் வீடு நல்லாவா இருக்கும்?”

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

“நாளைக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் பாருங்க. வெள்ளனே எந்திரிச்சு, யாரும் முழிக்கிறதுக்கு முன்னாடி.”

அப்பா தலையைத் தூக்கவில்லை. பிசைந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். கோபமா, வெட்கமா, அந்த வயதில் எனக்கு அவருடைய முகத்தை வாசிக்கத் தெரியாது. இப்போது நினைத்தால் அந்த மனிதரின் மேல் பாவமாக இருக்கிறது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை நின்றிருப்பாள். அது தெரிந்ததால்தான் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. போய் வா என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டையும் சொல்ல மாட்டாதவர் ஓர் இரும்புக் கப்பை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

காலையில் நான் கண் விழித்தபோது கப்பு கழன்று, வாசல் கல்லின் மேல் காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அப்பா புதுக் கப்பில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எப்படிண்ணே கழண்டுச்சு?”

“புகையில காஞ்சு இளகிருச்சு போல,” என்றார் அப்பா, நிமிராமலே. அம்மா உள்ளே போய்விட்டாள். நான் பள்ளிக்கூடம் முழுக்க எங்கள் பரணின் மகிமையைப் பரப்பினேன். டீச்சரிடம்கூடச் சொன்னேன்.

சைக்கிள் தயாரான பிறகு இன்னொரு சங்கதி வெளியே வந்தது. அத்தைக்கு ஓட்டத் தெரியாது. மூட்டையோடு உருட்டி வரத் தெரியும், ஏறி மிதிக்கத் தெரியாது. ஊரில் சமதரை என்று இருந்தது பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான். வேன் போகிற நாள் வரைக்கும் அப்பா வயலை அம்மாவிடம் விட்டுவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு அந்த மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். பனிக்குள் போய் மறைவார்கள், சிரிப்புச் சத்தம் மட்டும் வரும், பிறகு மறுபடி வெளியே வருவார்கள். அன்றைக்கு ஈரப் புல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. ஒரு சுற்றில் அத்தை மட்டும் பனியிலிருந்து வெளியே வந்தாள். அப்பா பின்னால் எங்கோ நின்றுவிட்டிருந்தார். அத்தைக்கு அது தெரியாமல் அவரிடம் பேசிக்கொண்டே என்னைக் கடந்து போனாள்.

சந்தை நாள் அன்று விடியும்போதே பூண்டு வேன் வந்து நின்றது. மூட்டைகளை ஏற்றி முடித்ததும் அப்பா மூட்டைகளின் மேல் ஏறி, சைக்கிளை வாங்கிப் படுக்கவைத்துக் கட்ட ஆரம்பித்தார். ஒரு முடிச்சுப் போட்டார். அதை அசைத்துப் பார்த்துவிட்டு இன்னொன்று போட்டார். முன்சக்கரத்தைத் தனியாகக் கட்டினார், ஹாண்டிலைத் தனியாகக் கட்டினார். அத்தை டிரைவருக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கக் கண்ணாடியில் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, சந்தைக்கு நேரமாச்சு. வெரசா எறங்குங்க,” என்று டிரைவர் ஹாரன் அடித்தார்.

“இந்தா, முடிஞ்சுது,” என்று சொல்லிவிட்டு அப்பா வேறொரு கயிறு கேட்டார். அம்மா எடுத்துக் கொடுத்தாள். அவர் கட்டியதையே மறுபடி அவிழ்த்துக் கட்டினார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டார்.

எனக்குக் குளிர் தாங்கவில்லை. மலைப்பாதையில் வளைவு அதிகம், சைக்கிள் கீழே விழுந்துவிடுமோ என்று அப்பாவுக்கு எவ்வளவு பயம் பார் என்று நினைத்துக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டேன்.