பத்தாவது கோடு

ஓர் ஆபீஸ் என்றால் என்ன என்று கேட்டால், யாருக்கு மேல் யார் என்று வரைந்து காட்டுவார்கள். செய்தது யார் என்று கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்வியைத் தத்துவப் புத்தகத்தில் படித்தும் எனக்கு உறைக்கவில்லை, மண்டு நான்.

தேயிலை விலை விழுந்த முப்பதுகளின் தொடக்கம். இலங்கையில், புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கிளாக்கர். கண்டிச் சந்தையில் பழையதாக வாங்கிய அந்தப் புத்தகம் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடக்கும். பலர் சேர்ந்து ஒரு மரத்தைத் தூக்கினால், தூக்கியது ஒவ்வொருவருமா, கூட்டமா என்று அதில் கேட்டிருந்தது. கூட்டம்தான் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். பெரிய மேதாவி என்ற நினைப்பு.

ஆட்குறைப்புக்காகக் கண்டித் தலைமை ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்தது. இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்களின் பெயர் எழுத அதில் பத்துக் கோடுகள். தோட்டத்துத் துரை ஒன்பது பேரைச் சொல்லிவிட்டுத் தேயிலை மலைக்குப் போய்விட்டார். ஒரு கோடு வெறுமையாக இருந்தால் கண்டியிலிருந்து படிவத்தைத் திருப்பி அனுப்புவார்கள், ஏச்சு விழும் என்று பயந்தேன். காய்ச்சலால் அடிக்கடி வேலைக்கு வராத, கொழுந்து பறிக்கும் விதவை ஒருத்தியின் பெயரை எழுதினேன். துரை வாசிக்காமலே கையெழுத்திட்டார்.

அவள் இந்தத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்தவள். இந்தியாவில் அவளுக்கு யாருமில்லை. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். தோட்டம் தீர்மானித்துவிட்டது என்றேன்.

"தோட்டத்துக்கு ஏதுங்க காது? எழுதுன ஆளச் சொல்லுங்க ஐயா, கால்ல விழுந்து கேட்டுக்கிறேன்."

நான் பேனாவைத் துடைத்துக்கொண்டு, துரையைப் பார்க்கச் சொன்னேன். கண்டி உத்தரவு என்று துரை அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். அடுத்த வாரம் மற்ற ஒன்பது பேரோடு லொறியில் ஏறினாள். கழுத்தில் ஜெபமாலை. ஏறுமுன் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பாவி நான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுமாதம் கண்டி ஆபீசுக்குப் போயிருந்தேன். மற்றத் தோட்டங்களின் படிவங்கள் மேசையில் கிடந்தன. ஒன்றில் நான்கு பெயர், ஒன்றில் ஆறு. மிச்சக் கோடுகளைக் குறுக்கே அடித்திருந்தார்கள். அவ்வளவுதான். பத்தையும் நிரப்ப வேண்டாமா என்று அங்கிருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கரிடம் கேட்டேன்.

"ஆர் உமக்கு நிரப்பச் சொன்னது?" என்றார்.

அவளுக்குச் சொல்லாத பதிலை அவருக்கும் நான் சொல்லவில்லை.