4:10 முதல் 4:21 வரை

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். ஆகவே இதைக் கதையென்று நினைக்க வேண்டாம். 1999 அக்டோபர் 14, ருசே நகரம், எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடி. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எனக்கும் மூன்றாம் மாடிக் கிழவி வெலிகாவுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. எண்கள்தான் வேறு. ஒருவர் எடுத்தால் மற்றவர் கருவி செத்துக் கிடக்கும். எங்கள் ஊரில் பாதி வீடுகளின் தலைவிதி இது. நானோ மொழிபெயர்த்த பக்கங்களைத் தினமும் மாலை நாலரைக்குள் அதே கம்பி வழியே வியன்னாவுக்கு அனுப்ப வேண்டியவன். இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது தடவை நடந்தால் வேலை கிடையாது என்று எழுதிவிட்டார்கள்.

ஆறு மாதமாக, சரியாக 4:10க்கு இணைப்பு அறுந்துவிடும். 4:21க்குத் திரும்பும். அந்தக் கிழவிக்கு அப்படியென்ன தினசரி ஊர்வம்பு?

முந்தின நாள், கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கிற மோடத்தை மாற்ற க்ரூமின் கடைக்குப் போனேன். கணினிச் சாமான் விற்கிறவர், வாய் மட்டும் நீளம்.

"வேகம் பதினாலுல இருந்து ஐம்பத்தாறு. நாலு நிமிஷத்துல எல்லாம் போயிடும்ல?"

"உங்க கம்பில அதுல பாதி வந்தாலே பெருசு, அசென். மோடத்த மாத்தி என்ன பண்ணப்போற? கீழ இறங்கி அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த பேசு."

"அதுகிட்ட எவன் பேசுவான்?"

"அப்ப வாங்கிக்க. எனக்கென்ன, யாவாரம்தானே."

வாங்கினேன். மறுநாள் காலையில் 'பழைய மோடம் விற்பனைக்கு' என்றெழுதிக் கட்டிடத்தின் வாசல் கதவில் ஒட்டினேன். அங்கே கறுப்புக் கரை போட்ட ஏதோ ஒரு காகிதம் இருந்தது. அதன் மேலேயே ஒட்டினேன்.

மாலை 4:03. புது மோடம் கீச்சிட்டது. கிடைத்தது க்ரூம் சொன்ன பாதி வேகம்தான்.

4:10. அறுந்தது.

ஆத்திரத்தில் ரிசீவரை எடுத்தேன். அவள் பேசும்போது என் பக்கம் ஒரு சத்தமும் கேட்காது.

அன்று கேட்டது...

மூச்சு. இழுத்து இழுத்து.

பிறகு எண்வட்டு சுழலும் சத்தம். டக். ஒன்று.

டக் டக்... ஐந்து.

பிறகு பத்து.

"போதும், வைங்க" என்றேன்.

மீண்டும் ஒன்று... ஐந்து... பத்து...

படியிறங்கினேன். அக்டோபர் மாதம், எல்லா வீட்டிலும் மிளகாய் சுடுகிற வாசனை. அவள் வீட்டில் மட்டும் இல்லை. கதவில் கறுப்பு ரிப்பன். அதன் கீழே, நான் காலையில் வாசலில் மறைத்த அதே காகிதத்தின் இன்னொரு பிரதி. அப்போதுதான் படித்தேன்.

'வெலிகா நம்மைப் பிரிந்து ஆறு மாதம். ஏப்ரல் 14.'

எதிர்வீட்டு நாங்கோ கதவைத் திறந்தார்.

"கையில ரிசீவரோட கெடந்தாங்க. அந்த வாரமே தொலைபேசிக்காரங்க வந்து அவங்க கம்பிய வெட்டிட்டுப் போயிட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஒரே கம்பிதானே உங்களுக்கு?"

அன்று வியன்னாவுக்கு எதுவும் போகவில்லை. எண்வட்டில் பூஜ்யத்துக்குப் பத்து டக் என்பது மேலே வந்த பிறகே நினைவுக்கு வந்தது. ஒன்று, ஐந்து, பூஜ்யம். எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் எண்.

என் கணினி ஒவ்வொரு இணைப்பையும் குறித்துவைக்கும். ஏப்ரல் 14 வரியைத் தேடினேன். 4:10 முதல் 4:21 வரை கம்பி என்னிடம் இருந்திருக்கிறது.

அந்தப் பதினோரு நிமிடமும் புது மோடங்களின் படங்களை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.