தெற்கே சூலம்: தர்மபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு இரண்டு இரவுகள்

முதல் தடவையாக, அதுவும் இரண்டே இரவுகளுக்குச் சிங்கப்பூர் போகத் திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால், கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்தில் இரண்டு ஏக்கர் நெல்லும் அரை ஏக்கர் கச்சானும் (நிலக்கடலைதான்) ஆண்டு வரும் சக்கரவர்த்தி. முடிசூட்டு விழா மட்டும் இன்னும் நடக்கவில்லை. மகாராணியின் பெயர் தவமணி.

பயணம் போனது கடந்த ஆவணியில், கச்சான் பிடுங்கி முடிந்த கையோடு. தவமணியின் ஒரே தங்கை ரதி சுவிஸில் இருக்கிறாள். அகதியாகப் போனவள், அவளுடைய பயணப் பத்திரத்தில் இலங்கைக்கு வர முடியாது. நாங்கள் அங்கே போக இரண்டு தடவை விசாவுக்குப் போட்டோம், இரண்டு தடவையும் இல்லை என்று வந்தது. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துப் பதினேழு வருடம். ரதி முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்கிறாள். மூன்று வருடம் காசு சேர்த்து, லீவு எடுத்து, ஒரு வெள்ளி காலையிலிருந்து ஞாயிறு மாலை வரை சிங்கப்பூரில் நிற்கிறேன் என்றாள். இலங்கைப் பாஸ்போட்டுக்குச் சிங்கப்பூர் முன்கூட்டி விசா கேட்பதில்லை. (போகுமுன் நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சட்டங்கள் என்னைக் கேட்டு மாறுவதில்லை.) உலகத்தில் இத்தனை நகரங்கள் இருக்க இதை நாங்கள் தெரிவு செய்த காரணம் அவ்வளவுதான். இரண்டு இரவுக்கு மேல் நிற்பதானால் என் சாம்ராச்சியத்தில் ஒரு ஏக்கரை விற்க வேண்டும்.

திட்டம் இது. பாஸ்போட் இரண்டும் வவுனியாவில் எடுத்தோம், ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய். விமான ரிக்கெற் போக வர இருவருக்கும் ஒரு இலட்சத்து அறுபத்து நாலாயிரம். வெள்ளி பிற்பகல் 1.10க்கு கட்டுநாயக்காவிலிருந்து விமானம். அதற்கு வியாழன் இரவு 7.45க்கு கிளிநொச்சியில் கொழும்பு பஸ் ஏற வேண்டும், ஆளுக்கு 2,600. அறை ரதியின் செலவு: செரங்கூன் பக்கம் மூன்று கட்டில் போட்ட ஒற்றை அறை, இரவுக்கு 165 சிங்கப்பூர் டொலர். ஒரு டொலர் ஏறக்குறைய 230 ரூபாய். பெருக்கிப் பார்க்காதீர்கள், நான் பார்த்தேன், பிறகு தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினார்கள்.

இந்த மகத்தான திட்டத்தில் ஒரேயொரு ஓட்டை. வியாழக்கிழமை தெற்கே சூலம், அந்தத் திசைக்கு அன்று பயணம் வெளிக்கிடக் கூடாது. கொழும்பு தெற்கே.

எங்கள் பக்கத்தில் இதற்கு வழி உண்டு. ஆள் வெளிக்கிட முடியாவிட்டால், முதல் நாள் நல்ல நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய் அயல் வீட்டில் வைத்துவிட வேண்டும். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆகவே புதன் காலை 9.20க்கு, பெட்டியை நானே தலையில் சுமந்து, பக்கத்து வீட்டுப் பூரணம் அக்காவிடம் ஒப்படைத்தேன். வெறும் உடுப்பை வைத்தால் அது பயணமாகுமா? பயணத்தின் உயிரே பாஸ்போட் அல்லவா? இரண்டையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். இப்படியொரு நுட்பமான யோசனை மனித குலத்தில் வேறு யாருக்கும் வந்திராது.

வியாழன் பகல் 1.30. கிளிநொச்சியிலிருந்து மருமகள் கீர்த்திகா போன் எடுத்தாள். சிங்கப்பூருக்குள் போகிறவர்கள் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் பத்திரம் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அந்த வேலை அவளுடையது.

"மாமா, பாஸ்போட் நம்பரைச் சொல்லுங்கோ."

"ஒரு நிமிசம் பிள்ளை," என்று சொல்லிவிட்டு அரச நடையில் பக்கத்து வீட்டுக்குப் போனேன். கதவில் பூட்டு. என் உள்ளங்கை அளவு பூட்டு. பூரணம் அக்காவுக்குப் போன் அடித்தேன். பூட்டிய வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது.

முன்வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார். "அவா விடியப்புறம் பஸ்ஸில பூநகரிக்குப் போட்டா. பேரப்பிள்ளைக்கு முப்பத்தொண்டு, பிறந்த துடக்குக் கழிக்கினம். நாளைக்குத்தான் வருவா."

பூட்டை உடைக்க வீட்டிலிருந்து கோடாலியை எடுத்துக்கொண்டு நான் திரும்பியபோது தவமணி வேலிப் படலையை மறித்து நின்றாள். 

"பாஸ்போட்டையும் பெட்டிக்குள்ளயோ வைச்சனீங்கள்?"

"பயணத்தின்ர உயிர்..."

"உயிரும் மயிரும்! கோடாலியைக் கீழ வையுங்கோ. அவா எங்களை நம்பிப் பூட்டிப்போட்டுப் போயிருக்கிறா. ஆள் இல்லாத வீட்டை உடைச்சுக்கொண்டு போய் ரதியின்ர முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது."

"அப்ப ரதியைப் பாக்கவே ஏலாமல் போகுமப்பா."

அவள் கோடாலியை வாங்கிச் சுவரோரம் சாத்தினாள். உள்ளே போய் என் ஹெல்மெற்றை எடுத்து வந்து கையில் தந்தாள்.

தர்மபுரத்திலிருந்து பரந்தன், அங்கிருந்து பூநகரி: என் மோட்டார்சைக்கிள் மீற்றரில் 41 கிலோமீற்றர். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எதிர்த்து வீசியது. பூநகரி வெளியில் அந்தக் காற்று என்னையும் மோட்டார்சைக்கிளையும் தூக்கித் தர்மபுரத்துக்கும் அப்பால் கடலில் போடப் பார்த்தது, அந்தக் கடலுக்கு மேலே போய்த்தான் திரும்பி வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூரணம் அக்காவின் மகள் வீடு எது என்று எனக்குத் தெரியாது. கடை கடையாக விசாரித்து, முப்பத்தொன்று நடக்கிற மூன்றாவது வீட்டில்தான் ஆளைப் பிடித்தேன். மணி 3.20.

"அக்கா, பெட்டி!"

"பெட்டி பத்திரமா இருக்குத் தம்பி. ஒரு எறும்பு போகாது. பூட்டிப்போட்டெல்லோ வந்தனான்."

"அதுதான் அக்கா பிரச்சினை. பாஸ்போட் அதுக்குள்ள. திறப்பைத் தாங்கோ, நான் பறக்கிறன்."

"அது சரிவராது. உங்கட பயணம் என்ர வீட்டில நிக்குது. வாங்கி வைச்சவள் கையாலதான் எடுத்துத் தரவேணும். நான் வாறன். நீ முதல் இருந்து சாப்பிடு. முப்பத்தொண்டுக்கு வந்த ஆள் வெறும் வயித்தோட போறதோ?"

பெரிய நகரங்களில் நேரம் காசு என்கிறார்கள். பூநகரியில் நேரம் பாயாசம். இரண்டு கோப்பை குடித்தேன், நெஞ்சுக்குள் பஸ் மணி அடித்துக்கொண்டிருந்தது. மொட்டைக்கறுப்பன் நெல்லில் இடித்த அரிசிமா ஒரு பையும் ரதிக்கென்று மோட்டார்சைக்கிளில் ஏறியது. 4.15க்கு வெளிக்கிட்டோம். மீற்றரில் முள் நாற்பதைத் தாண்டும்போதெல்லாம் பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து.

"மெல்லப் போ தம்பி! பிளேனை இஞ்சயே ஓட்டப் பாக்கிறியோ?"

5.50க்குத் தர்மபுரம். பூரணம் அக்கா பூட்டைத் திறந்து, விபூதி பூசி, பெட்டியைத் தவமணியின் கையில் கொடுத்தார். அவள் சாறி மாற்றி, செருப்புப் போட்டு, முற்றத்திலேயே நின்றிருந்தாள். இரண்டரை மணியிலிருந்து அப்படியே நின்றாளாம். முன்வீட்டுக்காரர் சொன்னார். ஓட்டோ வந்து சேரவே ஒரு மணித்தியாலம், கூலி 2,500 ரூபாய். 7.38க்குக் கிளிநொச்சி. கீர்த்திகா பஸ் தரிப்பில் வைத்தே பத்திரத்தை நிரப்பினாள்.

கட்டுநாயக்காவில் நடந்தவற்றைச் சொல்லிக் களைப்பாக்க விரும்பவில்லை. வெற்றிலைக் கூட்டிலிருந்த புகையிலையை அங்கேயே குப்பையில் போட்டேன், சிங்கப்பூருக்குள் அது போகாது. சுவிங்கமும் போகாது. விமானம் நேரத்துக்குக் கிளம்பி, அவர்களுடைய நேரம் இரவு 7.40க்கு இறங்கியது. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி வித்தியாசம்.

இனித்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டிய இடம்.

அங்கே குடிவரவில் பெரும்பாலும் இயந்திரம்தான். பாஸ்போட்டை வைத்து, முகத்தைக் காட்டி, கட்டைவிரலை வைத்தால் கண்ணாடிக் கதவு திறக்கும். தவமணி தயங்கினாள். "பயப்படாதையும், நான் எப்படிச் செய்யிறன் எண்டு பாரும்," என்று சொல்லி நான் முன்னே போனேன். கதவு திறந்தது. உலகத்தை வென்ற தோரணையில் அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டினேன்.

அவள் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. துடைத்து வைத்தாள். சிவப்பு. மற்றக் கை. சிவப்பு. ஒரு உத்தியோகத்தர் வந்து அவளுடைய பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு வரச் சொன்னார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கதவடிக்குப் போனேன். இந்தப் பக்கத்திலிருந்து அது திறக்காது. கை காட்டினேன், வாய் அசைத்தேன். காவலாளி மரியாதையாக, ஆனால் உறுதியாக, என்னைக் கீழே பெட்டி எடுக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. என் ஆங்கிலமும் தோட்டத்துக்கு வரும் குரங்கை விரட்டத்தான் போதும், ஆனாலும் பக்கத்தில் நின்றிருப்பேன். கண்ணாடிக்கு வெளியே, ஐம்பது மீற்றரில், ரதி நிற்கிறாள். என்னைக் கண்டதும் துள்ளிக் கையசைத்தாள். பிறகு என் பின்னால் யாரும் இல்லை என்பதைக் கண்டாள். கை அப்படியே நின்றது. வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. போகாவிட்டால் ரதிக்கு ஒன்றும் சொல்ல முடியாது, என் போன் அங்கே வேலை செய்யாது. நான் உள்ளேயே நின்றேன். எங்கள் பெட்டி பட்டியில் தனியே சுற்றியது, பதினொரு சுற்று எண்ணினேன். திருப்பி அனுப்பினால் அடுத்த விமானத்திலேயே ஏற்றிவிடுவார்கள் என்று எங்கோ வாசித்தது ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு புளுகும் வரவில்லை.

9.05க்கு அவள் வந்தாள். பக்கத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர், தமிழ்ப் பிள்ளை.

"என்னப்பா, பெட்டியை எடுத்தனீங்களோ?" என்றாள் தவமணி, சந்தைக்குப் போய் வந்த மாதிரி.

அந்தப் பிள்ளை சிரித்தது. "ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க. ஆன்ட்டிக்கு விரல்ல ரேகை தேஞ்சு போச்சு. அதான் மெஷின் பிடிக்கல."

உள்ளே என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கச்சான் பிடுங்கிறது, உடைக்கிறது, வெங்காயம் நடுகிறது என்று சொல்லியிருக்கிறாள். கையைக் கழுவச் சொல்லி, கிறீம் பூசி, பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு விரலாக அமர்த்திப் பார்த்து, கடைசியில் இடது கைச் சுட்டுவிரல் விழுந்திருக்கிறது. இரண்டு நாளுக்காகவா இவ்வளவு செலவு செய்து வந்தீர்கள் என்றும் கேட்டார்களாம். "தங்கச்சியெல்லோ" என்று மட்டும் சொன்னாளாம்.

வெளியே ரதி ஓடி வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அக்காவின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"எங்கயடி போனனீ? பயத்தில நான் செத்துப்போனனெண்டு நினைச்சனான்!"

மூத்தவளை 'அடி' போட்டுக் கூப்பிட்டதை அங்கே யாரும் கண்டிக்கவில்லை. இருவரும் நிலத்தில் இருந்துவிட்டார்கள். பளபளக்கிற அந்த விமான நிலைய நிலத்தில், ஆட்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு சுற்றிப் போக, நான் காவலுக்கு நின்றேன்.

மற்றது எல்லாம் சுருக்கம். விமான நிலையத்திலிருந்து செரங்கூனுக்கு ரக்சி 28 டொலர். ரெயிலில் போனால் இரண்டு சொச்சம்தான். தேநீர் 1.60, அதாவது நம்முடைய 370 ரூபாய், குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சுற்றிப் பார்க்கலாம் என்று நான் வெளிக்கிட, இருவரும் கட்டிலை விட்டு எழும்பவில்லை. ரதி கடையில் துருவிய தேங்காய்ப்பூ வாங்கி, அறையிலிருந்த தண்ணீர் கொதிக்கிற கேத்தலை வைத்து, அரிசிமாவில் ஏதோ கிண்டினாள். சட்டத்துக்கு உட்பட்டதா என்று நான் கேட்கவில்லை. தனியே ரெயில் ஏறி, கடலோர நகரத்தைப் பார்த்துவிட்டு, மாலை திரும்பினேன். அவர்கள் அதே இடத்தில், அதே கதை.

உங்களுக்கு என் கட்டளைகள். விவசாயமோ மீன்பிடியோ செய்கிற கை என்றால், போவதற்கு இரண்டு கிழமை முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெயாவது கிறீமாவது பூசுங்கள். குடிவரவில் அப்படிப்பட்டவரை முன்னுக்கு விட்டுப் பின்னால் நில்லுங்கள், இதை நான் இன்னும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்காகக் காத்திருப்பவரின் பெயரையும் அறை முகவரியையும் ஒரு தாளில் எழுதி அவரவர் கையிலேயே கொடுங்கள். சூலம் பார்த்துப் பெட்டி வைப்பதானால் தாராளமாக வையுங்கள், பாஸ்போட்டை மட்டும் இடுப்பில் கட்டுங்கள். பார்க்கும் இடங்களின் பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு இரவுக்கு அது போதும்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணி விமானம். பிரிகிற இடத்தில் நான் பயந்த மாதிரி நடக்கவில்லை, இருவரும் அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். விமானம் மேலே ஏறி வெகுநேரம் தவமணி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா, சிங்கப்பூர் எப்படி இருந்தது?"

"நீரும் அங்கதானே நிண்டனீர்?"

"நான் எங்க பாத்தனான்? நீங்கள்தானே சுத்தினீங்கள். சொல்லுங்கோ."

சொன்னேன். மூன்று பெரிய கட்டடங்களுக்கு மேலே ஒரு கப்பலைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், அந்தக் கப்பலுக்குள் குளம் இருக்கிறது, ஐம்பது மாடிக்கு மேலே சனம் நீந்துகிறது என்றேன். நாற்பது வருடப் புளுகு வாழ்க்கையில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே செய்தி அது.

"சும்மா புளுகாதேங்கோ," என்றாள். பிறகு, "சரி, பரவாயில்லை, மிச்சத்தையும் சொல்லுங்கோ. சிங்கப்பூரில என்ன பாத்தனீ எண்டு ஊர்ச்சனம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? ரதி இப்ப குறட்டை விடுறாள் எண்டோ?"